கார்த்தேஜில் விழுந்தவர்கள்

எகிப்தின் ஃபாயூம் வட்டாரத்து மணலுக்குள்ளிருந்து கிடைத்த சிறிய பாப்பிரஸ் சீட்டுகள் சில 1893 முதல் ஒவ்வொன்றாக வாசிக்கப்பட்டு வெளிவந்தன. இன்று 40-க்கும் மேற்பட்டவை நம் கையில் இருக்கின்றன. ஏறக்குறைய எல்லாவற்றிலும் ஒரே வாசகம்தான். விண்ணப்பிப்பவரின் பெயர், தகப்பன் பெயர், ஊர்; சிலவற்றில் வயதும் உடம்பிலுள்ள தழும்பும்கூட. தாம் எந்நாளும் தெய்வங்களுக்குப் பலியிட்டு வந்ததாகவும், இப்போது அரச கட்டளைப்படி அதிகாரிகளின் கண்முன்னே பானபலி ஊற்றி, பலியிட்டு, பலிப்பொருளைச் சுவைத்ததாகவும், அதற்குச் சான்று வேண்டுமென்றும் ஒவ்வொருவரும் கேட்கிறார். கீழே அதிகாரிகளின் கையொப்பம். தேதியெல்லாம் கி.பி. 250 ஜூன், ஜூலை மாதங்கள். முதலையைத் தெய்வமாக வணங்கிய கோயிலின் பூசாரிப்பெண் ஒருத்தியும் இப்படி ஒரு சீட்டு வாங்கியிருக்கிறாள். ஆகவே இது கிறிஸ்தவர்களை மட்டும் குறிவைத்துப் போட்ட கட்டளை அல்ல. பேரரசில் இருந்த அத்தனை பேருக்கும் பொதுவான கட்டளை. கிறிஸ்தவர்கள் மட்டுமே அதில் சிக்கிக்கொண்டார்கள்.

சென்ற இதழில் பிலிப்பு பேரரசரின் காலத்து அமைதியைப் பார்த்தோம். 248-இல் ரோம் தன் ஆயிரமாவது ஆண்டை விழாவாகக் கொண்டாடியது. அடுத்த ஆண்டே பிலிப்பு போரில் மடிந்தார், டெசியஸ் அரியணை ஏறினார். தன்யூபு எல்லையில் கோத்தியர்கள் நெருக்கிக்கொண்டிருந்தார்கள். பழைய தெய்வங்களைக் குளிர்வித்தால் பேரரசு நிமிரும் என்று புதிய பேரரசர் நம்பினார். 249-இன் கடைசியிலோ 250-இன் தொடக்கத்திலோ கட்டளை பிறந்தது. அதன் மூலவாசகம் நமக்குக் கிடைக்கவில்லை. ஆனால் அது செய்த வேலை நன்றாகத் தெரியும். 250 ஜனவரி 20 அன்று ரோம் ஆயர் ஃபேபியன் இறந்தார். எருசலேம் ஆயர் அலெக்சாந்தர் சிறையில் உயிர்விட்டார். முதியவரான வேத அறிஞர் ஓரிகன் சித்திரவதையில் உடல் முறிந்து, சில ஆண்டுகளில் மறைந்தார்.

இரத்தசாட்சிகளின் வரலாற்றைத் திருச்சபை ஆசையோடு நினைவில் வைத்திருக்கிறது. இந்த இதழில் நாம் பார்க்கப்போவது மற்றவர்களை, மறுதலித்தவர்களை. அவர்களே பெருந்தொகையாக இருந்தார்கள். அவர்களை என்ன செய்வது என்ற கேள்விக்கு விடை தேடியதில்தான், தேவனைவிட்டு விலகுவது என்றால் என்ன, அதன் விளைவு எங்கே தெரியும் என்பதை மேற்குத் திருச்சபை முதன்முதலாக ஆழமாக யோசிக்க வேண்டியிருந்தது.

இடம் கார்த்தேஜ், இன்றைய துனிசியாவின் கடலோர நகரம். ஆயர் சிப்ரியான். செல்வமும் நாவன்மையும் உடையவர், சொற்கலை ஆசிரியராக இருந்தவர். 246 வாக்கில் கிறிஸ்துவை ஏற்றுக்கொண்டு, இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள்ளாகவே ஆயரானவர். கட்டளை வந்த நாட்களில் நகரத்தில் நடந்ததை அவரே பின்னால் எழுதிவைத்தார். அதைப் படிக்கையில் நெஞ்சு கனக்கிறது.

யாரும் வந்து பிடிக்கவில்லை. யாரும் விசாரிக்கவில்லை. ஜனங்கள் தாமாகவே மன்றத்துக்கு ஓடினார்கள், இப்படி ஒரு வாய்ப்புக்காகவே காத்திருந்தவர்களைப் போல. பொழுது சாய்கிறது, நாளைக்கு வாருங்கள் என்று அதிகாரிகள் ஒத்திவைத்தபோது, இன்றே முடித்துவிடுங்கள் என்று கெஞ்சினார்கள். ஒருவரை ஒருவர் தூண்டினார்கள். கைக்குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு போனார்கள். ஞானஸ்நானத்தில் அந்தக் குழந்தைகள் பெற்றதை அங்கே பறிகொடுத்தார்கள். நியாயத்தீர்ப்பு நாளில் அந்தக் குழந்தைகள் எழுந்து, நாங்கள் ஒன்றும் செய்யவில்லையே, பெற்றவர்களின் துரோகமே எங்களைக் கெடுத்தது என்று முறையிட மாட்டார்களா என்று சிப்ரியான் கேட்கிறார். சுத்துனூர்க்கா என்ற ஊரின் ஆயர் ரெப்போஸ்துஸ் தான் மட்டும் விழவில்லை. தன் சபையில் பெரும்பாலோரையும் கூட்டிக்கொண்டு போய்ப் பலியிட வைத்தார். அலெக்சாந்திரியாவிலும் இதே கதைதான். முகம் வெளிறி நடுங்கியபடி பலிபீடத்தை நெருங்கியவர்களைப் பார்த்துக் கூட்டம் நகைத்தது என்றும், சாகவும் பயம், பலியிடவும் பயம் என்று அவர்கள் நின்றார்கள் என்றும் அவ்வூர் ஆயர் தியொனீசியு எழுதுகிறார். பணக்காரரும் அரசு உத்தியோகத்தில் இருந்தவரும் அங்கே முன்வரிசையில் வந்தார்கள்.

இது ஒரே இரவில் நடந்த சரிவா? அல்ல என்பது சிப்ரியானின் உறுதியான தீர்ப்பு, அவரோடு நானும் உடன்படுகிறேன். பல ஆண்டுகள் நீடித்த அமைதியில் ஒவ்வொருவரும் சொத்துப் பெருக்குவதிலேயே குறியாக இருந்தார்கள் என்கிறார். ஆயர்களில் பலர் தங்கள் சபையை விட்டுவிட்டு அயல் மாகாணங்களில் வியாபாரம் தேடி அலைந்தார்கள். சபையில் சகோதரர் பசித்திருக்க, இவர்கள் வட்டிக்கு விட்டார்கள், தந்திரமாக நிலங்களை வளைத்தார்கள். ஆணை வந்தபோது ஊரைவிட்டுப் போய்விடும் வழி திறந்தேதான் இருந்தது. போனால் சொத்து அரசுக்குப் போகும், அவ்வளவுதான். அந்தச் சொத்துதான் காலைக் கட்டியது. ஆகவே மன்றத்துப் பலிபீடத்தில் நடந்தது முதல் மறுதலிப்பு அல்ல. அதற்கு வெகு முன்பே, யாரும் துன்புறுத்தாத நாட்களில், இருதயம் விலகியிருந்தது. கட்டளை அதை வெளியே கொண்டுவந்தது. உபத்திரவத்தைத் தேவன் அனுமதித்த ஒரு சோதனை என்றே சிப்ரியான் பார்த்தார். பேரரசரின் மேல் பழி போடுவதைவிடத் தம் சபையின்மேல், ஆயர்களின்மேல் குற்றம் காண்பதில்தான் அவருடைய எழுத்து அதிகக் கூர்மையாக இருக்கிறது.

விழுந்தவர்கள் எல்லாரும் ஒரே வகையல்ல. இறைச்சிப் பலியிட்டு உண்டவர்கள் ஒரு சாரார். தூபம் மட்டும் போட்டவர்கள் இன்னொரு சாரார். மூன்றாவது சாரார்தான் மிகச் சிக்கலானவர்கள்: பலிபீடத்தின் பக்கமே போகாமல், அதிகாரிக்குப் பணம் கொடுத்துச் சீட்டு மட்டும் வாங்கியவர்கள். தாங்கள் கிறிஸ்தவர்கள், பலியிடக் கூடாது என்று ஆயர் போதித்திருக்கிறார், அதனால்தான் பணத்தைக் கொடுத்து விலக்குக் கேட்டோம், இது பாவம் என்றே தோன்றவில்லை என்பது அவர்களுடைய வாதம். சிப்ரியான் இவர்களிடம் பொறுமையாகப் பேசுகிறார். கை சுத்தமாக இருக்கலாம், வாய் சுத்தமாக இருக்கலாம். ஆனால் தன்னைத் தெய்வங்களை வணங்குகிறவனாக எழுதிய தாளைக் கையில் வைத்திருப்பவனின் மனசாட்சி சுத்தமாக இல்லை என்பது அவருடைய பதில்.

இவர்களுக்கு நடுவில் நின்றவர்களும் உண்டு. போனா என்றொரு பெண். கணவனே அவளைப் பலிபீடத்துக்கு இழுத்துப்போனான். அவள் கையைப் பிடித்துப் பலியிட வைத்தார்கள். தான் செய்யவில்லை, செய்தது நீங்களே என்று அவள் அங்கேயே கூவினாள். நாடுகடத்தப்பட்டாள். நுமிதிக்குஸ் என்ற மூப்பர் தம் மனைவி தம் பக்கத்திலேயே எரிவதைக் கண்டார். தாமும் பாதி எரிந்து, கல்லெறிபட்டு, செத்துப்போனார் என்று விடப்பட்டார். தகப்பனின் உடலைத் தேடிவந்த மகள் மூச்சு இருப்பதைக் கண்டு காப்பாற்றினாள். மப்பாலிக்குஸ் என்பவர் சித்திரவதைக்கு நடுவே, நாளைக்கு ஒரு போராட்டத்தைப் பார்ப்பீர் என்று தேசாதிபதிக்கே சவால் விட்டு, சொன்னபடியே மாண்டார். விழுந்தெழுந்தவர்களும் இருந்தார்கள். முதலில் பலியிட்டுவிட்டு, இரண்டாம் முறை இழுத்துவரப்பட்டபோது கிறிஸ்துவை அறிக்கையிட்டுச் சொத்தையெல்லாம் இழந்து நாடுகடந்தவர்களைப் பற்றி ஒரு கடிதம் இருக்கிறது. பேதுருவின் கதை அவர்களிடம் மறுபடி நடந்தது.

சிப்ரியான் எங்கே இருந்தார்? மறைவிடத்தில். அவரைச் சிங்கத்துக்குப் போடும்படி கூட்டம் அரங்கத்தில் கூச்சலிட்டது. தாம் இருந்தால் சபைக்கே ஆபத்து கூடும் என்று சொல்லி நகரைவிட்டு மறைந்தார். ரோமிலிருந்த மூப்பர்கள், மந்தையை விட்டோடும் மேய்ப்பனைப் பற்றிச் சாடையாக ஒரு கடிதம் எழுதினார்கள்; அது அவரைச் சுட்டது. மறைவிலிருந்தே விதவைகளுக்கும் நோயாளிகளுக்கும் ஏழைகளுக்கும் பணம் அனுப்பினார், கடிதத்துக்கு மேல் கடிதம் எழுதினார். என்றாலும் அவருடைய சொல்லில் பாரம் குறைந்தது. சிறையில் பசியோடு கிடக்கிறவனின் சொல் பாரமாயிற்று. எட்டு ஆண்டுகள் கழித்து, 258 செப்டம்பர் 14 அன்று, தப்பியோட மனமில்லாமல் வாளுக்குத் தலை கொடுத்தார் என்பதை அறிந்துதான் நாம் இந்த மனிதரை எடைபோட வேண்டும். 250-இல் அது யாருக்கும் தெரியாது.

சிறைவாசியின் சொல்லுக்குப் பாரம் கூடிய அந்த இடத்தில்தான் அடுத்த சிக்கல் முளைத்தது. இரத்தசாட்சியாகப் போகிறவரின் பரிந்துரைக்குத் திருச்சபையில் பெருமதிப்பு இருந்தது. விழுந்தவர்கள் சிறைக்கதவை மொய்த்தார்கள். தங்களைச் சபையில் திரும்பச் சேர்க்கப் பரிந்துரைக்கும் சமாதானச் சீட்டு கேட்டார்கள். மப்பாலிக்குஸ் தம் தாய்க்கும் சகோதரிக்கும் மட்டும் சமாதானம் கேட்டுவிட்டு மாண்டார். அளவறிந்த அந்த அடக்கத்தைச் சிப்ரியான் புகழ்கிறார். லூசியான் என்ற சிறைவாசியோ, மாண்டுபோன பவுல் என்ற சாட்சியின் பெயரால் கேட்டவர்க்கெல்லாம் சீட்டு எழுதினார். இன்னாரும் அவர் வீட்டாரும் திருவிருந்தில் சேர்க்கப்படட்டும் என்று பெயர், எண்ணிக்கை எதுவும் குறிக்காத சீட்டுகள். ஒன்றைக் காட்டி இருபது பேர், முப்பது பேர்கூட நுழையலாம். கடைசியில் விழுந்த எல்லாருக்கும் ஒரேயடியாகச் சமாதானம் தந்துவிட்டதாக ஆயருக்கே ஓர் அறிவிப்பு வந்தது. சில மூப்பர்கள் மனந்திரும்புதலுக்கு ஒரு நாளும் கொடுக்காமல் அவர்களைத் திருவிருந்து மேசைக்கு அழைத்துவிட்டார்கள். பேரரசனின் சீட்டால் போனதை வேறொரு சீட்டால் வாங்கிக்கொள்ளலாம் என்றாகிவிட்டது.

ஆனாலும் லூசியானைக் கடிந்துகொள்ள எனக்கு மனம் வருவதில்லை. அவருக்கு ரோமிலிருந்து செலெரினுஸ் எழுதிய கடிதம் நம்மிடம் இருக்கிறது. செலெரினுஸ் விலங்கிடப்பட்டு அறிக்கையிட்டு மீண்டவர், இரத்தசாட்சிகளின் குடும்பத்தில் பிறந்தவர். அவருடைய சகோதரிகள் என்று அவர் சொல்லும் இருவர் விழுந்துவிட்டார்கள். ஒருத்தி பலியிட்டாள். மற்றவள் கோயில் வழியில் ஏறி, பாதியில் பணம் கொடுத்து இறங்கிவிட்டாள். ஈஸ்டர் பண்டிகையின் மகிழ்ச்சி நாட்களிலும் செலெரினுஸ் இரட்டுடுத்திச் சாம்பலில் அமர்ந்து அழுகிறார். அந்தப் பெண்களோ கார்த்தேஜிலிருந்து நாடுகடத்தப்பட்டு வந்த சாட்சிகளைத் துறைமுகத்துக்கே போய் எதிர்கொண்டு, 65 பேருக்குப் பணிவிடை செய்துகொண்டிருக்கிறார்கள். அவர்களுக்காக ஒரு சொல் சொல்லுங்கள் என்று கெஞ்சுகிறார் செலெரினுஸ். பசியாலும் தாகத்தாலும் கூட்டாளிகள் ஒவ்வொருவராகச் செத்துக்கொண்டிருக்கும் அறையிலிருந்து லூசியான் பதில் எழுதுகிறார். இரக்கம் தவிர வேறு எதை அவர் எழுதியிருக்க முடியும்?

251 ஈஸ்டர் முடிந்ததும் சிப்ரியான் நகரம் திரும்பினார். விழுந்தவர்களைப் பற்றி அப்போது அவர் வாசித்த உரைதான் அந்த ஆண்டின் மிகப் பெரிய ஆவணம். மறுதலிப்பின் விளைவுக்குச் சில நிகழ்ச்சிகளை அதில் அடுக்குகிறார். பலியிட ஏறியவன் ஊமையானது, பலி உணவு ஊட்டப்பட்ட சிறு குழந்தை பின்னொரு நாள் திருவிருந்துப் பாத்திரத்தை ஏற்க முடியாமல் வாந்தியெடுத்தது. அவர் காலத்துச் சபை இவற்றை நடுங்கிக் கேட்டது. என்றாலும் அந்த உரையின் நெஞ்சம் இந்தக் கதைகளில் இல்லை. எல்லாரும் இப்படித் தண்டிக்கப்படுவதில்லை என்று அவரே சொல்கிறார். சிலருக்கு நேர்வது மற்றவர்க்கு எச்சரிப்பு, அவ்வளவே.

அப்படியானால் தண்டனை பெறாதவர்களுக்கு விளைவே இல்லையா? இங்கேதான் சிப்ரியான் தம் சபையைக் கூர்ந்து பார்க்கிறார். மறுதலித்த முதல் நாளிலிருந்தே ஒருவன் வழக்கம்போல் குளியல் மண்டபத்துக்குப் போகிறான். விருந்துண்டு வயிறு கொள்ளாமல் திணறுகிறான். நேர்த்தியாக உடுத்துகிறான். ஏழைக்கு ஒரு வாய் கொடுப்பதில்லை. பெண் ஒருத்தி பட்டும் நகையுமாக வருகிறாள், அவள் இழந்த கிறிஸ்து என்னும் ஆடையைப் பற்றி ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. அருமையான ஒருவர் செத்துப்போனால் அழுது புலம்பித் தலைவிரிகோலமாகக் கிடப்பீர்களே, உங்கள் சொந்த ஆத்துமா செத்துப்போனதற்கு ஏன் அழவில்லை என்று கேட்கிறார். அவரைப் பொறுத்தவரை, அந்த அழுகையின்மையே தண்டனை. தேவனை விட்டு விலகியவன்மேல் வரும் மிகக் கொடிய அடி, தான் விலகிவிட்டதை உணராதபடி அவன் மனம் மரத்துப்போவதுதான். மறுதலிப்பு முதல் கேடு என்றால், அதைக் குற்றமாக உணராமல் போவது அதைவிடப் பெரிய இரண்டாம் கேடு.

சிப்ரியானின் கடுமையைப் புரிந்துகொள்ள இதுவே திறவுகோல் என்று நான் நம்புகிறேன். அவசரச் சமாதானம் ஏன் அவருக்கு அவ்வளவு அச்சம் தந்தது? மன்னிப்பைக் கொடுக்கத் தேவன் தயங்குகிறார் என்பதால் அல்ல. உள்ளே சீழ் வைத்த புண்ணைக் கீறாமல் கட்டுப்போட்டு மூடும் வைத்தியன் நோயாளியைக் கொல்கிறான். அழ வேண்டியவனுக்கு அழத் தேவையில்லை என்று சொல்லும் சமாதானச் சீட்டு அந்த மரத்துப்போதலை நிரந்தரமாக்கிவிடும்.

251-இல் ஆப்பிரிக்க ஆயர்கள் கார்த்தேஜில் கூடினார்கள். வேத வாக்கியங்களை இரு பக்கமும் எடுத்துவைத்து நெடுநேரம் வாதித்து ஒரு முடிவுக்கு வந்தார்கள். சீட்டு மட்டும் வாங்கியவர்களை ஒவ்வொருவராக விசாரித்துச் சேர்த்துக்கொள்ளலாம். பலியிட்டவர்கள் நெடுங்காலம் மனந்திரும்புதலில் இருக்க வேண்டும், சாவு நெருங்கினால் அவர்களுக்குத் திருவிருந்தை மறுக்கக் கூடாது. உடம்பு நன்றாயிருக்கும்வரை ஒருநாளும் மனந்திரும்பாமல், படுக்கையில் விழுந்தபின் கேட்பவர்களுக்கு மட்டும் கிடையாது. விழுந்த ஆயர்களும் மூப்பர்களும் திரும்பலாம், ஊழியத்துக்கு அல்ல, சாதாரண விசுவாசிகளாக. ரோமில் ஆயர் கொர்நேலியு கூட்டிய 60 ஆயர்களின் சங்கமும் இதற்கு ஒத்துப்போனது. இவன் எந்தச் சூழ்நிலையில் விழுந்தான், தானாக ஓடினானா, நெடுநேரம் போராடித் தளர்ந்தானா, மனைவி மக்களைக் காப்பாற்றத் தான் மட்டும் போனானா என்று ஆளுக்கு ஆள் பார்த்தார்கள். தனிமனிதனின் மனதை இவ்வளவு பொறுமையாக ஆராய்ந்த ஒரு சபைமன்றம் அதற்கு முன்பு கூடியதாகத் தெரியவில்லை.

இந்த வழியை இரண்டு பக்கத்திலிருந்தும் தாக்கினார்கள். கார்த்தேஜில் பெலிசிசிமு என்ற உதவிக்காரரைச் சுற்றி, எல்லாரையும் உடனே சேர் என்ற கட்சி திரண்டது. ரோமிலோ எதிர்த்திசையில், நொவாத்தியன் என்ற மூப்பர் எழுந்தார். திரித்துவத்தைப் பற்றி அருமையான நூல் எழுதிய மேதை. மனிதர் முன்பாகத் தம்மை மறுதலிக்கிறவனைத் தாமும் மறுதலிப்பதாக ஆண்டவர் சொன்னதை அவர் அப்படியே பற்றிக்கொண்டார். தேவன் ஒருவேளை மன்னிக்கலாம். திருச்சபைக்கு அந்த அதிகாரம் இல்லை, விழுந்தவன் சாகும்வரை வெளியேதான் என்றார். 251-இல் அவர் கொர்நேலியுவுக்குப் போட்டியாக ஆயராக அபிஷேகம் பெற்றார். அவருடைய சபை சில நூற்றாண்டுகள் வாழ்ந்தது. 325-இல் நிசேயா சங்கம் அவர்களுக்காகத் தனியே ஒரு விதி எழுத வேண்டியிருந்தது.

நொவாத்தியனின் பரிசுத்த வைராக்கியத்தை நான் குறைவாக மதிப்பிடவில்லை. ஆனால் சிப்ரியான் அவருக்கு எதிராக வைத்த வாதம் எனக்கு மறுக்க முடியாததாகத் தெரிகிறது. அழு, உபவாசமிரு, மனந்திரும்பு என்று சொல்லிவிட்டு, ஆனால் எவ்வளவு அழுதாலும் கதவு திறக்காது என்றும் சொன்னால் எவன் அழுவான்? நம்பிக்கை இல்லாத இடத்தில் மனந்திரும்புதல் இல்லை. வெளியே தள்ளப்பட்டவன் பிற தெய்வங்களிடமோ கள்ளப் போதகரிடமோ போய்ச் சேருவான், அந்தப் பொறுப்பு நியாயத்தீர்ப்பு நாளில் மேய்ப்பர்கள்மேல் வரும். அழுகையின்மையே தண்டனை என்றால், அழ முடியாதபடி செய்கிற எதுவும், அவசரச் சீட்டானாலும் பூட்டிய கதவானாலும், அந்தத் தண்டனையையே நீட்டிக்கிறது.

அலெக்சாந்திரியாவில் தியொனீசியு ஏற்கெனவே இந்த வழியில் நடந்துகொண்டிருந்தார். மரணப்படுக்கையில் இருப்பவர்கள், அதிலும் முன்பே கெஞ்சியிருந்தவர்கள் கேட்டால் மன்னிப்பு கொடுங்கள் என்று மூப்பர்களுக்குக் கட்டளையிட்டிருந்தார். செராப்பியோன் என்ற முதியவர், நெடுநாள் குற்றமின்றி வாழ்ந்து, சோதனையில் பலியிட்டுவிட்டவர். பலமுறை கெஞ்சியும் யாரும் அவருக்குச் செவிகொடுக்கவில்லை. நோயில் விழுந்து மூன்று நாள் பேச்சில்லாமல் கிடந்தார். நான்காம் நாள் சற்றுத் தெளிந்து, ஒரு மூப்பரை அழைத்துவரும்படி தம் பேரனை அனுப்பினார். இரவு நேரம், மூப்பரும் நோயாளி, எழுந்து வர முடியவில்லை. அவர் திருவிருந்து அப்பத்தில் சிறு பகுதியைப் பையனிடம் கொடுத்து, அதை நனைத்துக் கிழவர் வாயில் விடச் சொன்னார். பையன் திரும்பி வந்து அப்படியே செய்தான். அதை விழுங்கியதும் செராப்பியோன் உயிர்விட்டார். பாவத்தை நீக்கப்பெறும்வரை அவர் உயிர் நிறுத்திவைக்கப்பட்டிருந்தது தெளிவல்லவா என்று அந்தியோகியா ஆயர் ஃபேபியுவுக்குத் தியொனீசியு எழுதினார். அந்த ஃபேபியு நொவாத்தியன் பக்கம் சாய்ந்துகொண்டிருந்தவர்; கடிதம் எழுதப்பட்டதன் நோக்கமும் அதுவே.

டெசியஸ் 251 ஜூனில் இன்றைய பல்கேரியாவிலுள்ள அப்ரித்துஸ் களத்தில் கோத்தியர்களிடம் மாண்டார். அவர் கட்டளையும் அவரோடு ஓய்ந்தது. ஆனால் அடுத்து வந்த கல்லு பேரரசரின் நாட்களில் மறுபடியும் உபத்திரவம் வரப்போவதாக அடையாளங்கள் தெரிந்தன. 42 ஆப்பிரிக்க ஆயர்கள் கூடி, கொர்நேலியுவுக்கு ஒரு கடிதம் எழுதினார்கள். பலியிட்ட பிறகு சபையை விட்டு விலகாமல், முதல் நாளிலிருந்து அழுது மன்றாடிக்கொண்டிருக்கும் அத்தனை பேரையும் காத்திருப்பு முடியுமுன்பே சேர்த்துக்கொள்கிறோம் என்பது அதன் செய்தி. காரணம் போர்க்களத்தின் காரணம்: போருக்கு அனுப்பப்படுகிறவனை ஆயுதமில்லாமல் அனுப்பலாகாது. கிறிஸ்துவின் இரத்தத்தைப் பாத்திரத்தில் பருகாதவனிடம், அவருக்காக உன் இரத்தத்தைச் சிந்து என்று எப்படிச் சொல்வது?

அப்படித் திரும்பியவர்களுக்கு வெகுவிரைவில் வேறு வேலை வந்தது. கொள்ளைநோய் கார்த்தேஜுக்குள் புகுந்தது, தெருக்களில் பிணங்கள் கிடந்தன. நம்மைத் துன்புறுத்தியவர்களுக்கும் நன்மை செய்ய வேண்டும் என்று சிப்ரியான் சபையைக் கூட்டிப் பிரித்து அனுப்பினார். பணமுள்ளவர் பணத்தாலும் இல்லாதவர் உடலுழைப்பாலும் உதவினார்கள். இதற்கிடையில் நொவாத்தியனின் பிரிவில் ஞானஸ்நானம் பெற்ற சிலர் மனம் மாறித் திருச்சபைக்கு வரத் தொடங்கினார்கள். அவர்களுக்கு மறுபடியும் ஞானஸ்நானம் கொடுக்க வேண்டும் என்றார் சிப்ரியான். கூடாது என்றார் ரோமின் புதிய ஆயர் ஸ்தேவான். அந்தச் சண்டையை அடுத்த இதழில் பார்ப்போம்.